அவங்க போட்ட தோட்டம்

செம்பவாங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில் அப்பா குனிந்து நான் பார்த்ததில்லை. அவருக்குக் கப்பல் பட்டறையில் வேலை. வந்தால் குளியல், சாப்பாடு, ரேடியோ, அவ்வளவுதான். மண்ணைக் கொத்தியது, கீரை விதைத்தது, கோழி வளர்த்தது எல்லாம் அம்மா. மாதக் கடைசியில் சம்பளம் தீர்ந்துபோகும். ஆனாலும் நானும் இரண்டு தம்பிகளும் பசி என்று படுத்ததில்லை.

அம்மா எங்களுக்கெல்லாம் போட்டுவிட்டு, கடைசியில் அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். சோறு தீர்ந்திருந்தால் என்ன, ஒரு மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கி அவித்துக்கொள்வாள்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் கம்பத்தை, அந்தக் கிராமத்து நிலம் முழுவதையும், அரசாங்கம் எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். நஷ்டஈட்டுக்காக மரம் செடிகளைக் கணக்கெடுக்க வந்தவர்களில் ஒரு தமிழரும் இருந்தார்.

"இந்தத் தோட்டம் யாரும்மா போட்டது?"

அம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "அவங்க போட்டதுதாங்க" என்றாள்.

அவளுக்கு எல்லாமே 'அவங்க'தான். வீடு அவங்களுடையது, பிள்ளைகள் அவங்களுடையது. புருஷனை முன்னால் நிறுத்திப் பேசுவதுதான் அவளுக்குத் தெரிந்த மரியாதை. அப்பா பக்கத்தில் நின்று பெரிய மனுஷராகத் தலையாட்டினார். "ஒரு செடிக்குத் தண்ணிகூட ஊத்தினதில்லயே!" என்று எனக்கு வாய்வரை வந்தது. அம்மா முறைத்த முறைப்பில் விழுங்கிவிட்டேன்.

நஷ்டஈடு அப்பா கைக்குப் போனது. வீட்டுக்குக் கலர் டிவி வந்தது. மிச்சம் எங்கே போனது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஈசூனில் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் புது வீடு. குழாயைத் திறந்தால் தண்ணீர், தட்டினால் விளக்கு. ஆனால் ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்கும் அம்மா அப்பாவிடம் கையேந்த வேண்டும். போன புதிதில் ஒருநாள் கேட்டாள்.

"கீரை வாங்கணுங்க. கொஞ்சம் கூடக் குடுங்க."

"கீரைக்கா காசு? இத்தன வருஷமா கீரைக்குக் காசு கேட்டியா நீ?"

"அப்போ தோட்டம் இருந்துச்சு. அந்தத் தோட்டத்துக் காசுலயாச்சும்..."

"அது என் தோட்டத்துக்கு வந்த காசுலா! நீதானே அன்னிக்குக் கணக்கெடுக்க வந்தவங்ககிட்ட சொன்ன, நான் போட்டதுன்னு?"

அவர் கேலி பேசவில்லை, அதுதான் கொடுமை. மரியாதைக்குச் சொன்ன ஒரு வார்த்தையை அந்த மனுஷன் நிஜமென்றே நம்பியிருந்தார்.

அம்மா சந்தைப் பையை மடித்து உள்ளே வைத்தாள். பிறகு கேட்கவே இல்லை. கொடுத்ததை வைத்துச் சமைத்தாள். மீன் அப்பாவுக்கும் தம்பிகளுக்கும். வளர்கிற பையன்களாம்! நான் என்ன, வளராமலா இருந்தேன்? பெண்பிள்ளை எனக்குக் குழம்பு. அவளுக்குச் சட்டியை வழித்தால் என்ன வருமோ அது. பிடுங்கி அவித்துக்கொள்ள ஏழாவது மாடியில் என்ன இருக்கிறது? பழைய வழக்கப்படியே அடுப்படியில் தனியாக உட்கார்ந்தாள். நாங்கள் கலர் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் மின்தூக்கிக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தாள். மருத்துவமனையில் தமிழ் டாக்டர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"உடம்புல ரத்தமே இல்ல. வீட்டுல சாப்பாட்டுக்குக் கஷ்டமா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. நாங்க நல்லாத்தான் சாப்பிடறோம்" என்றார் அப்பா. சொல்லி முடித்ததும் அவர் முகம் செத்துப்போனது.

மறுநாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு தேக்கா சந்தைக்குப் போனார். காய்கறிக் கடை முன்னால் அப்பா நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எதைத் தொடுவதென்று தெரியாமல் கத்திரிக்காயை எடுத்தார், வைத்தார். முருங்கைக்காயை எடுத்தார், வைத்தார். கடைக்காரர், "என்னண்ணே வேணும்?" என்றார். அப்பா என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"உங்கம்மாவுக்கு என்னம்மா புடிக்கும்?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்பாவுக்குப் பிடித்தது தெரியும், தம்பிகளுக்குப் பிடித்தது தெரியும். அம்மா ஒன்றை ஆசையாகச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.