பெரியப்பாவின் விலகல் கடிதம்

எண்பத்தெட்டில் அரசாங்கத்துக்கு எதிராகக் கலவரம் வந்து ரங்கூனில் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். எனக்கு ஒன்பது வயது. லத்தா பேட்டையில் ஒரே வீட்டில் மாடியில் பெரியப்பா, கீழே நாங்கள். அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதில்லை. தாத்தாவின் துணிக்கடையை அரசாங்கம் பிடுங்கி மக்கள் கடை ஆக்கியபோது, பெரியப்பா ஆளுங்கட்சியில் சேர்ந்து அதே கடையில் குமாஸ்தாவாக உட்கார்ந்துவிட்டாராம். நான் பிறப்பதற்கு முந்தைய கோபம் அது. ஆனாலும் கட்சி அட்டைக்கு அங்கே கிடைத்து அவர் கொடுத்தனுப்பும் பால் டின்னை அப்பா வேண்டாம் என்றதில்லை. இருவருக்கும் தூது நான்தான்.

அந்த வாரம் தெருவே தலைகீழானது. கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக டீக்கடை முன் வந்து, விலகல் கடிதத்தைச் சத்தமாகப் படித்து, உறுப்பினர் அட்டையைக் கிழித்தார்கள். நேற்றுவரை பெரியப்பாவை பர்மிய வழக்கப்படி மரியாதையாகப் பெயருக்கு முன் ‘ஊ’ போட்டு அழைத்த பையன்கள், மாலைக்குள் அவர் வராவிட்டால் வீட்டுக்குள் புகுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பால் டின் தந்த அட்டை ஒரே நாளில் எப்படிக் கெட்டதாகும்? எனக்குப் பயத்தைவிடக் குழப்பம்தான் அதிகம்.

மாடியில் பெரியப்பா பேனாவையே எடுக்கவில்லை. அப்பாவே கடிதம் எழுதி என்னிடம் கொடுத்தனுப்பினார். ‘விவரம் தெரியாமல் சேர்ந்துவிட்டேன்’ என்றிருந்தது. பெரியப்பா படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“தெரிஞ்சுதாம்மா சேர்ந்தேன். கடையைப் பிடுங்குன அன்னைக்கு இந்தியாவுக்குக் கப்பலேத்துற பட்டியல்ல உங்கப்பன் பேரு இருந்துச்சு. அதை அடிச்சு எடுக்க வேற வழியில்ல. அப்படியே எழுதச் சொல்லு.”

ஒரு சொல் விடாமல் கீழே வந்து ஒப்பித்தேன். திட்டு விழும் என்று அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். அப்பா தானே படியேறினார். நானும் பின்னால் ஓடினேன்.

“எனக்காகவாண்ணே? இத்தனை வருசமா ஏன் சொல்லல?”

“நீ கேக்கவே இல்லையேடா.”

மாலையில் இருவரும் சேர்ந்தே டீக்கடைக்குப் போனார்கள். அப்பாதான் கடிதத்தைப் படித்தார். காரணம் எதுவும் அதில் இல்லை. பெரியப்பாவின் விரல்களுக்கு அட்டை மசியவில்லை. அப்பா வாங்கிக் கிழித்தார். கூட்டம் கைதட்டிவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போயிற்று.

அப்பா மட்டும் நடுத்தெருவில் உட்கார்ந்து அந்தத் துண்டுகளைப் பொறுக்கினார். இத்தனை வருடம் வெறுத்த அட்டைதானே, அது கிழிந்ததற்கு ஏன் அழுகிறார் என்று விளங்காமல், நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கிக் கொடுத்தேன்.