சேலத்தில் மேடு எந்தப் பக்கம்?

கண்ணைக் கட்டிப் பானை உடைக்கும் போட்டியில் முத்தாயி மூன்று பொங்கல் தொடர்ந்து ஜெயித்தாள். மூன்றாம் வருடம் அவளை மட்டும் ஏழு சுற்றுக்குப் பதில் பதினைந்து சுற்று சுற்றிவிட்டார்கள். பலன் இல்லை. நேராகப் போய்ப் பானையை உடைத்துவிட்டு, கண்கட்டை அவிழ்ப்பதற்கு முன்பே பரிசுக் குடம் இருந்த பக்கம் கையை நீட்டினாள். காட்டெருமை மேய்ந்துவிட்டுப் போன அவரைக்கு, ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் பதினோரு நடை நடந்து நஷ்டஈடு வாங்கினாள். வாழவந்தி பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டை, அதில் பதினெட்டு வருடம் உட்கார்ந்துவந்த பால்கார மூக்கனிடமிருந்து பேசியே பறித்தாள். வயது நாற்பத்தொன்று, பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டுதான் இந்தப் பட்டியலைப் படிக்க வேண்டும்.

பானையின் ரகசியத்தைக் கேட்டால் ஒளிக்க மாட்டாள். “காலுதானுங்க சொல்லுது. என்னைய எத்தனை சுத்து சுத்துனாலும் மலை சுத்தாதுங்களே.”

மலையில், வாழவந்திக்கு மேலே இருக்கிறது முத்தாயி குடும்பத்தின் காடும் வீடும். ஒரு கட்டில் போடுகிற அளவுக்குக்கூட அங்கே சமதரை கிடையாது. அந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு உலகத்தில் உள்ள பக்கங்கள் நான்கு: மேட்டுப் பக்கம், பள்ளத்துப் பக்கம், குறுக்கே போனால் ஓடைப் பக்கம், பாறைப் பக்கம். கேஸ் அடுப்பிலும் மேட்டு அடுப்பில் சோறு வேகும், பள்ளத்து அடுப்பில் குழம்பு கொதிக்கும். அண்ணன் ஐயாக்கண்ணு எட்டாவது வரை படித்தவர் என்பதால் இடது, வலது என்று இரண்டு பக்கம் கூடுதலாகத் தெரியும். முத்தாயிக்கு அந்த இரண்டும் தேவைப்பட்டதே இல்லை.

மகள் புஷ்பலதா வேலைக்குக் கிளம்பும்போது முத்தாயி அவளை வாசலில் நிறுத்துவாள். “கண்ணு, பள்ளத்துக் கண்ணுல மை ஈஷியிருக்குது பாரு.” மகள் கண்ணாடி பார்க்க உள்ளே திரும்பிய உடனே பின்னாலிருந்து குரல் வரும். “அது இல்ல சாமி. இப்ப அது மேட்டுக் கண்ணு!” டிவியைச் சுவர் மாற்றி எதிர்ப்பக்கம் வைத்த அன்று, செய்தி வாசிக்கும் பெண்ணின் மச்சம் ஓடைக் கன்னத்திலிருந்து பாறைக் கன்னத்துக்குப் போய்விட்டதை வீட்டில் முதலில் கவனித்தவள் அவள்தான். மற்றவர்கள் அந்தப் பெண்ணுக்கு மச்சம் இருப்பதையே அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

மலையில் இருக்கும் வரைக்கும் இதெல்லாம் குறையே இல்லை. சேலத்துக்கு இறங்கினால்தான் தொல்லை. முட்டி வலிக்காக ஒருமுறை டாக்டரிடம் போனாள்.

“எந்தக் கால்மா?”

“மேட்டுக் காலுங்க.”

“அப்படின்னா?”

“ஊட்டு வாசல்ல நின்னாத் தெரியுமுங்க. இங்க மேடு எதுங்க?”

டாக்டர் இரண்டு முட்டியையும் தட்டிப் பார்த்து, கத்தின காலுக்கு மருந்து எழுதினார்.

அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஒரு பழைய சின்ன யானை லோடு வண்டி வாங்கினார்கள். பழமும் மிளகும் ஏற்ற அந்த வண்டிக்கு மூன்று டிரைவர்கள் வந்து போனார்கள். மூன்றாமவர் கொண்டை ஊசி வளைவில் கண்ணை மூடிக்கொள்கிற வழக்கம் உள்ளவர். அவரை இறக்கிவிட்ட அன்றைக்கு முத்தாயி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பத்தே நாளில், எதிரே பஸ் வந்தால் ஏற்றத்தில் இருநூறு அடி பின்னாலேயே போய் ஒதுங்கிக் கொடுக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

கொட்டச்சேடு எஸ்டேட்டில் காப்பிப் பழம் ஏற்ற இந்த வருடம் வண்டி தேவைப்பட்டது. எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் சென்றாயன் வண்டியையும் பார்த்தார், ஓட்டுகிறவளையும் பார்த்தார். “ஓட்டறதுல கொறை இல்லைங்கக்கா. ஆனா லைசென்ஸ் இல்லாம கேட்டுக்குள்ள உட்டா மொதல்ல என் வேலை போயிரும். டிசம்பர் ஒண்ணாந்தேதி பறிப்பு. அதுக்குள்ள கொண்டாந்துருங்க. இல்லைன்னா வேற வண்டிக்குச் சொல்லிப்போடுவேன்.”

எல்.எல்.ஆர். சுலபமாகக் கிடைத்தது. ரோட்டுப் படங்கள் அத்தனைக்கும் கையால் காட்டியே சரியாகப் பதில் சொன்னாள். அதன் ஆயுள் ஆறு மாதம், டிசம்பர் இரண்டோடு முடிகிறது. சேலத்து டிரைவிங் ஸ்கூல் யுவராஜ், எல் போர்டு மாட்டி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். வண்டி ஓட்ட அவனிடம் கற்க எதுவும் இல்லை. லெஃப்ட், ரைட் மட்டும்தான் பாக்கி.

“ஏனுங்கக்கா, சோத்தாங்கைப் பக்கம் ரைட்டு. பீச்சாங்கைப் பக்கம் லெஃப்ட்டு. இதுல என்ன கஷ்டம்?”

“கைக்குப் பேரு இருக்கட்டும் சாமி. ரோட்டுக்கு எப்படி அந்தப் பேரு வரும்? நான் இப்படித் திரும்புனா?”

“ரைட்டும் கூடவே திரும்பிரும்.”

“நான் படுத்துக்கிட்டா?”

“அதுவும்... படுத்துக்கும்.”

“அப்ப அது என்ன திசை? ஒரு எடத்துல நிக்காம நாய்க்குட்டியாட்டம் என் பின்னாலயே வருது. அதை நம்பி வண்டி ஓட்டச் சொல்றியா?” யுவராஜுக்கு அதற்குப் பிறகு இரண்டு நாள் சந்தேகமாகவே இருந்தது.

ஆகஸ்ட் ஏழாம் தேதி முதல் டெஸ்ட். இன்ஸ்பெக்டர் தேவகுமாரி பதினான்கு வருட சர்வீஸ் உள்ளவர், அதிகம் பேசாதவர். ஏறி உட்கார்ந்து, “லெஃப்ட்” என்றார். மைதானம் தோசைக்கல் போலச் சமமாகக் கிடந்தது. முத்தாயி வண்டியை நிறுத்திவிட்டு, தலையை வெளியே நீட்டி நாலாபக்கமும் தேடினாள்.

“என்னம்மா தேடறே?”

“மலையைத் தேடறனுங்க. ஒரு கல்யாண மண்டபம் மறைச்சுக் கட்டிப்போட்டாங்க.”

தேவகுமாரி தாளில் ஒரு கோடு போட்டு இறங்கினார்.

இரண்டாம் முறை, அக்டோபர் ஒன்பது. யுவராஜின் யோசனைப்படி பீச்சாங்கையில் பச்சை வளையல் ஒரு டஜன். வளையல் இருக்கிற பக்கம் லெஃப்ட். முதல் திருப்பம் நன்றாகவே போனது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது கைகள் ஒன்றன்மேல் ஒன்று மாறி, வளையல் கை எதிர்ப்பக்கம் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து தேவகுமாரி இன்னொரு லெஃப்ட் கேட்டார். முத்தாயி வளையலைப் பார்த்தாள், வளையல் சொன்ன பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கம் இருந்தது டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து நின்றார்கள். வண்டி ஒரு முழம் தள்ளி நின்றது. டீக்காரர், “அக்காவுக்கு ஒரு டீ போடட்டுங்களா?” என்று கேட்டார்.

வெளியே சாப்பாட்டுப் பையோடு காத்திருந்த ஐயாக்கண்ணு, திரும்பி வரும் வழியில் அந்தப் பையை அவிழ்க்கவே இல்லை. அடிவாரம் வந்ததும் அவளாகச் சொன்னாள். “உடுங்கண்ணா. அந்தத் தரைக்கு ஒரு மேடு பள்ளம் இருந்திருந்தா நான் பாஸாயிருப்பேன்.”

மூன்றாம் முறைக்குப் பிறகு நான்காவது இல்லை. எல்.எல்.ஆரும் முடிகிறது, பறிப்பும் தொடங்குகிறது. மூன்றாம் டெஸ்ட் அன்று காலை இருபது கொண்டை ஊசி வளைவையும் முத்தாயியே இறக்கினாள். பக்கத்துச் சீட்டில், முந்தின நாளே மலையேறி வந்திருந்த யுவராஜ். அண்ணன் பின்னால் லோடு பாடியில் நின்றுகொண்டு வந்தார். நல்ல பனி. பதினெட்டாவது வளைவில் பனிக்குள்ளிருந்து ஒரு பஸ் மூக்கை நீட்ட, அவள் வண்டியை ஓரம் கட்டினாள். யுவராஜ் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு அலறினான். “அக்கா, என் பக்கம் பள்ளமுங்க! என் பக்கம் பள்ளம்! உங்க பக்கம் ஒடிங்க!”

அவள் ஒடித்தாள். பஸ் போனது. வண்டியை ஓட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் யோசித்தவள், “திருப்பிச் சொல்லு சாமி” என்றாள்.

“எதையுங்க?”

“என் பக்கம், உங்க பக்கம்னியே. அதை. இப்பத்தான் நீ ஒழுங்காப் பாடம் நடத்தறே.”

மைதானத்தில் தேவகுமாரி ஏறி உட்கார்ந்தார். மூன்றாம் முறை பார்ப்பதால் முகத்தில் ஒரு சலிப்பு. “லெஃப்ட்” என்றார்.

“ஏனுங்க மேடம், ஒண்ணு சொல்லட்டுங்களா? நீங்க ஒரு பக்கம் உக்காந்திருக்கீங்க, நான் ஒரு பக்கம். வண்டி எப்படித் திரும்புனாலும் நாம ரெண்டு பேரும் எடம் மாறப்போறதில்லை. உங்க பக்கமா, என் பக்கமா, அதை மட்டும் சொல்லுங்க.”

“ரூல்ல அப்படி இல்லம்மா.”

“லெஃப்ட்டுன்னுதான் சொல்லோணும்னு ரூல்ல இருக்குதுங்களா?”

தேவகுமாரி பேனாவை மூடினார். பதினான்கு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.

“என் பக்கம்.”

வண்டி வழுக்கிக்கொண்டு திரும்பியது.

“உன் பக்கம். மறுபடி உன் பக்கம். என் பக்கம். ரிவர்ஸ்ல என் பக்கம்.”

ரிவர்ஸில் படித்தவர்களே திணறுவார்கள். வண்டி பின்னால் போகும்போதும் இன்ஸ்பெக்டர் தன் பக்கத்திலேயேதான் இருந்தார் என்பதால் முத்தாயிக்குத் திணற ஒன்றும் இல்லை. இரண்டு கம்பத்துக்கு நடுவில் வண்டியைச் செருகி நிறுத்தி, “இன்னும் பின்னால போகோணுங்களா?” என்று கேட்டாள்.

“போதும்மா. பாஸ்.”

அடுத்து நின்றது கோபி என்ற பேங்க்காரர். தேவகுமாரி அவர் காரில் ஏறி, பெல்ட் மாட்டி, “என் பக்கம் திரும்புங்க” என்றார். கோபி ரோட்டை விட்டுவிட்டு, மரியாதையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

ஆபீஸ் ஜன்னலில் இருந்த கிளார்க், பாரத்தைத் தள்ளிவிட்டு, கூடவே கைநாட்டுக்கு மை ஒற்றும் பெட்டியையும் திறந்து வைத்தார். முத்தாயி பெட்டியை மூடி அவர் பக்கமே நகர்த்தினாள்.

“பேனா குடுங்க.”

“போடத் தெரியுமாம்மா?”

“காயிதத்துல மேடு இருக்குது, பள்ளமும் இருக்குது. உங்க மைதானத்துக்கு இது எவ்வளவோ தேவலைங்க.”

அக்டோபர் ஒன்பதுக்குப் பிறகு, கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் அண்ணன் எழுதிக்கொடுத்து அவள் பழகிய நான்கு எழுத்து. இதுவரை அடுப்படியைத் தாண்டி வெளியே வராத எழுத்து. ஐயாக்கண்ணு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மு ஏறி இறங்கியது. த் தலையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு நின்றது. தா காலை ஊன்றியது. கடைசி எழுத்தின் மேல்வளைவு வந்ததும் முத்தாயி பேனாவை நிறுத்தினாள். எதிரே எதுவும் வரவில்லை என்று பார்த்துக்கொள்வதைப் போலக் காகிதத்தின் மேட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். வாய்க்குள்ளேயே மெல்ல ஹாரன் அடித்தாள். பிறகு ஒடித்துத் திருப்பினாள். 2024 நவம்பர் 27, புதன்கிழமை, காலை 11.40.