சுவரக்காவும் பச்சை மேல்சட்டையும்

ஒரு சுவருக்கு முன்னால் வேண்டுமென்றே நொண்டி நடந்து பார்த்திருக்கிறீர்களா? நடந்திருக்க மாட்டீர்கள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கவலை உங்களுக்கு. சுவரக்காவுக்கு அது கிடையாது. புதிய மருத்துவமனையின் முன்கூடத்தில், இடது காலை இழுத்து இழுத்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்துகொண்டிருக்கிறார். அடுத்த நடைக்குக் கூன் போடுவார். அதற்கடுத்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தானே உருட்டிக்கொண்டு வருவார்.

அவர் வர வர, சுவரில் பதித்த மெல்லிய மரச் செதில்கள் வரிசையாகத் திரும்புகின்றன. காற்றில் நாணல் சாய்வதுபோல் ஓர் அசைவு. பின்னாலிருந்து வெளிச்சம் கசிந்து அவர் கூடவே நடக்கிறது. கடந்ததும் மூடிக்கொள்கிறது. செதில்களைக் கணினியில் வரைந்தவர் அவர். வெட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பலகை பலகையாக அறுத்து எடுத்தவரும் அவர். மனிதர் எது, தூண் எது என்று கூரையிலிருக்கும் கேமராவுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். "பயந்துகிட்டு வர்ற இடம் இது. யாரோ கூட நடக்கிற மாதிரி இருக்கணும், அவ்வளவுதான்" என்பார்.

மருத்துவமனையைத் துடைத்துப் பெருக்கும் பெண்கள் வைத்த பெயர், சுவரக்கா. எந்நேரமும் சுவரில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பதால் வந்தது. உள்ளே எந்த மோட்டார் முனகுகிறது என்று கேட்கிறாராம். "சளி பிடிச்சிருக்கு இவனுக்கு" என்று சொல்லிவிட்டுத் திருப்புளியை எடுப்பார். கொண்டையில் இரண்டு பென்சில் செருகியிருக்கும், மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார். மரத்தூள் தலையோடு வீட்டுக்குப் போனால், பேருந்து ஓட்டுநரான கணவர் வாசலிலேயே மறிப்பார்: "உதறிட்டு வா. நேத்து சாப்பாட்டுலயே பலகை வாசனை!" சமையலறை அலமாரிக்கு முன்னால் தன்னை மறந்து கையை அசைத்துக்கொண்டு நிற்பதும் உண்டு. "அது நீ செஞ்சது இல்லம்மா. இழுத்தாத்தான் திறக்கும்."

திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம், வடிவமைப்பு நிறுவனத்தின் முதலாளி அவரைத் தனியே அழைத்தார். பச்சை மேல்சட்டைக்காரர்கள் வந்தால் சுவர் அசையக்கூடாது என்று மருத்துவமனை நிர்வாகி கேட்கிறாராம். அதாவது, துப்புரவுப் பெண்களுக்கு.

"நாள் முழுக்க குறுக்கும் நெடுக்கும் போறாங்க. மோட்டார் தேயுதில்ல?"

"அதுக்குத்தான் செதிலுக்குச் செதில் முறை வெச்சு ஓய்வு குடுத்திருக்கேனே, சார். தேயாது."

முதலாளி தலையைச் சொறிந்தார். "தேய்மானம் ஒரு சாக்கு, விடுங்க. பெரிய மனுஷங்க வர்ற இடத்துல, பெருக்குறவங்களுக்கும் இது தலையசைச்சா நல்லா இல்லையாம். ப்ரோகிராம்ல ஒரே ஒரு வரிதானேம்மா, எழுதிடுங்க. இல்லேன்னா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல."

அக்கா எழுதவில்லை. ஆனால் தூங்கவும் இல்லை. கணவரின் வருமானம் மட்டும் போதாத வீடு. "நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவரிடமே கேட்டார்.

"என் பஸ்ல கதவு இருக்கு. ஏறுறவங்க சட்டையப் பாத்தா திறக்கிறேன்?" என்றார் அவர். பிறகு, "வேலை போச்சுன்னா நான் பாத்துக்கிறேன்னு பெருமையா சொல்ல முடியலம்மா. ஆனா எழுதாத" என்றார்.

ஒப்படைக்கும் நாள் காலையில், வாளியோடு எதிரே வந்த பெண் கண்ணைச் சிமிட்டினாள். "என்னக்கா, நேத்து வரைக்கும் எனக்குத் தலையாட்டிச்சு. இன்னிக்கு முறைச்சுக்கிட்டு நிக்குது. உங்க சுவருக்கு என்ன கோவம்?"

அக்கா அவளிடமிருந்து வாளியை வாங்கிக் கீழே வைத்தார். "அந்தச் சட்டையக் கொஞ்சம் கழட்டிக் குடும்மா."

"அழுக்குக்கா!"

"குடு."

பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தார். நேராக நடந்தார், நொண்டி நடந்தார், கையை வீசினார். ஒரு செதில்கூடத் திரும்பவில்லை. அந்த வரியை முதலாளி வேறு யாரையோ வைத்து எழுதிச் சேர்த்துவிட்டார். பச்சை வந்தால் தூண் என்று கணக்கு. கேமராவுக்கு உயர்வு தாழ்வு தெரியாது. படித்த ஒரு மனிதன் உட்கார்ந்து, பொறுமையாக, பிழையில்லாமல் அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறான். செய்தவளையே சுவர் தூணாக்கிவிட்டது.

நிர்வாகி வந்தார், விருந்தினர் வந்தனர். அவர்கள் நடக்க நடக்க வெளிச்சமும் கூடவே நடந்தது, "அடடா!" என்றார்கள். பச்சைச் சட்டைக்காரர்கள் பின்கட்டில் நிறுத்தப்பட்டிருந்தார்கள். ஒப்படைப்புத் தாளில் வடிவமைத்தவர் கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது. முதலாளி பேனாவை நீட்டினார்.

அக்கா பேனாவை வாங்கவில்லை. தான் போட்டிருந்த சட்டையைக் கழற்றி, கை நுழைக்க வசதியாக முதலாளிக்கு எதிரே விரித்துப் பிடித்தார்.

"போட்டுக்கிட்டு ஒரு தடவை நடங்க, சார். உங்களுக்கு அது திறந்துச்சுன்னா கையெழுத்துப் போடுறேன்."

முதலாளி கூரையைப் பார்த்தார். நிர்வாகி கடிகாரத்தைப் பார்த்தார். விருந்தினர்களுக்குத் திடீரென்று தங்கள் செருப்புகளின்மேல் அக்கறை வந்துவிட்டது. விரித்த சட்டையோடு அக்கா நின்றுகொண்டிருந்தார். கை இறங்கவில்லை.

அப்படி ஒரு கூட்டத்தில் நீங்களும் நிற்க நேர்ந்தால், தயவுசெய்து செருப்பைப் பார்க்காதீர்கள். இரண்டு எட்டு முன்னே வந்து, அந்தச் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்க அந்தச் சுவரோரமாக நடங்கள்.