மூடித் தைத்த ஆறு உள்காற்சட்டைகள்

கஜந்தினிக்கு அந்த வாரம் முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. தேநீரை ஊற்றுவாள், குடிக்க மறந்து ஜன்னலுக்குப் போவாள். பிரெஞ்சுத் தலைநகரின் ரூ காய் தெரு முனையில் சிவப்பு விளக்குக்கு நிற்கப் பொறுமையில்லாமல் தெருவில் இறங்கி, கார்க்காரனிடம் ஏச்சு வாங்குவாள். இத்தனைக்கும் காரணம் ஆறு உள்காற்சட்டைகள். சிரிக்காதீர்கள், அவளுடைய வாழ்க்கையே அந்த ஆறிலும்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ரூ பெர்தொனேயில் ஸ்ரீஸ்கந்தராசாவின் சேலைக் கடைப் பின்னறையில் பதினாறு வருடமாக பிளவுஸ் தைப்பவள் அவள். "இவ என்ரை தங்கச்சி மாதிரி" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லுவார் அவர். தங்கச்சிக்கு எதற்குக் கொந்த்ரா? வேலை ஒப்பந்தம் என்று ஒரு தாள் இல்லாமலே வருடங்கள் ஓடிவிட்டன. வதிவிட அட்டையைப் புதுப்பிக்க பொபினி அரச அலுவலகத்துக்குப் போகும்போதெல்லாம், தொழில் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதுவாள். எழுதிவிட்டு வீடு வரும்வரை பொருமுவாள்.

அப்போதுதான் ஷார்லோத் கடைக்கு லேஸ் பார்க்க வந்தாள். நாடகங்களுக்குப் பழங்கால உள்ளாடை தைக்கும் பட்டறை வைத்திருப்பவள். நூற்று முப்பது வருடத்துக்கு முந்தைய சீமாட்டிகள் கவுனுக்குள் என்னென்ன போட்டார்களோ, அத்தனையும் அங்கே கையால் தைக்கப்படும். கஜந்தினியின் விளிம்புத் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு நாடகத்துக்கு ஆறு உள்காற்சட்டை வெட்டித் தருகிறேன், தைத்துக் கொடு, ஒத்திகையில் பிடித்துப்போனால் கொந்த்ரா என்றாள்.

வெட்டிய துணி வந்தது. வெள்ளைப் பருத்தி, முழங்கால் வரை நீளம், கீழே லேஸ். எல்லாம் சரிதான். ஆனால் இரண்டு கால்களையும் இடுப்புப் பட்டியில் மட்டும் சேர்த்துவிட்டு, நடுவை முன்னிருந்து பின்வரை திறந்தே விடும்படி தாளில் எழுதியிருந்தது. கஜந்தினி மூன்று முறை வாசித்தாள்.

"கண்டறியாத வெட்டு! உதை ஆர் போடுவினம்?"

யாரோ பிழையாக எழுதிவிட்டார்கள் என்று தீர்மானித்தாள். கேட்டிருக்கலாம். கைப்பேசியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கேட்டால் தைக்கத் தெரியாதவள் என்று ஷார்லோத் நினைத்துவிடுவாளோ என்று பயம். பிளவுஸுக்குக் கழுத்தை ஆழமாக வெட்டச் சொன்னால், அரை அங்குலம் ஏற்றி வெட்டிவிட்டுப் பேசாமல் கொடுத்துவிடுவது அவள் வழக்கம். ஒருத்தியும் கண்டுபிடித்ததில்லை. அதே கையால் ஆறையும் மூடித் தைத்தாள், அதுவும் இரட்டைத் தையல்.

ஒத்திகை நாளில் அரங்கின் பின்னறையில் நடிகைக்கு உடுத்திவிட்டார்கள். முதலில் உள்காற்சட்டை. அதன்மேல் இடுப்பை ஒடுக்கும் கோர்செட் கச்சையைப் போட்டு, நாடாவை இழுத்து இழுத்து இறுக்கினார்கள். பிறகு மூன்று உள்பாவாடை, அதற்கும் மேல் கவுன். முடிக்க இருபது நிமிடம் பிடித்தது. தையல் அழகு என்று ஷார்லோத் சொன்ன பிறகுதான் கஜந்தினிக்கு மூச்சு வந்தது. மேடைக்குப் போகுமுன் நடிகை கழிப்பறைக்கு ஓடினாள். போன வேகத்தில் முகம் சிவந்து திரும்பி வந்தாள்.

"இது மூடிக் கிடக்கிறதே!"

அப்போதுதான் கஜந்தினிக்கு உறைத்தது. கோர்செட்டுக்கு அடியில் இறுகிப்போன பட்டியை யாராலும் இறக்க முடியாது. அதனால்தான் அந்தக் காலத்துப் பெண்கள் நடுவைத் திறந்து விட்டிருக்கிறார்கள்! மானம் காக்கப் போய், இந்தப் பிள்ளையின் மானத்தையல்லவா வாங்கிவிட்டாள்?

ஷார்லோத் கவுனின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினாள். "அவ்வளவு நேரம் தாங்காது!" என்று நடிகை துள்ளினாள். கஜந்தினி யோசிக்கவில்லை. சின்னக் கத்தரிக்கோலோடு மண்டியிட்டு, பாவாடைகளுக்குள் புகுந்துவிட்டாள். உள்ளே கும்மிருட்டு. விரலால் தடவித் தையலைப் பிடித்தாள். "ஆடாதை பிள்ளை, ஆடாதை!" என்று தமிழில் அதட்டினாள். நடிகைக்கு என்ன விளங்கியதோ, அசையாமல் நின்றாள். தன் இரட்டைத் தையலைத் தானே திட்டித் திட்டி வெட்டி முடித்து, வெளியே வந்து "ஓடு!" என்றாள். நடிகை ஓடினாள்.

ஷார்லோத் சிரிக்கவில்லை. "தாளில் எழுதியிருந்தேனே. வாசிக்கவில்லையா?"

பிரெஞ்சு விளங்கவில்லை என்று ஒரு பொய் சொன்னால் போதும், தப்பிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் கஜந்தினி, கொந்த்ரா போனது போனதுதான் என்று நினைத்து, தெரிந்த பிரெஞ்சில் உள்ளதைச் சொன்னாள்.

"வாசிச்சனான். நீங்கள்தான் பிழையா எழுதிப்போட்டியள் எண்டு நினைச்சன். கேக்கப் பயமாயிருந்தது. மற்ற அஞ்சும் மூடித்தான் கிடக்கு."

ஷார்லோத் அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த நூல் துண்டுகளைப் பார்த்தாள். அதற்குமேல் அடக்க முடியவில்லை, விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பொய் சொல்லியிருந்தால் இப்படியே அனுப்பியிருப்பேன். திங்கட்கிழமை வந்து ஐந்தையும் பிரி. கொந்த்ராவை எழுதி வைக்கிறேன். இனி எதையும் மூடுமுன் என்னைக் கேள்."

துள்ளிக் குதிக்க வேண்டியவள், கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"இன்னும் என்ன?"

"அந்தக் கொந்த்ரா... என்ரை பேரிலையோ?"

ஷார்லோத்துக்குக் கேள்வியே விளங்கவில்லை. "வேறு யார் பேரில்? வேலை செய்யப் போவது நீதானே?"

வேலை செய்வது நீதான் என்று பதினாறு வருடத்தில் ஒருவரும் அவளிடம் சொன்னதில்லை. பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே, கஜந்தினி விக்கி விக்கி அழுதாள்.