ஒத்த ஆளுக்கு ஒரு கொட்டகை

புதுக்கோட்டையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள் வியாகுலமேரி. சொந்த ஊர் ஆவூர். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷங்களில் வந்த வரன்களை அவளே திருப்பி அனுப்பினாள்; அவர் போன பிறகு யாரும் கேட்டு வரவில்லை. தம்பி பங்கிராஸ் குடும்பத்தோடு மலேயாவுக்குக் கிளம்பியபோது வீட்டையும் விற்றுவிட்டான். அதனால் 1957-இல் ஈஸ்டரை ஒட்டி நடக்கும் பாஸ்கு திருவிழாவுக்கு லீவு எடுத்து வந்தவள், தன் ஊரிலேயே வெளியூர்க்காரியாக, கோவிலுக்குப் பின்னாலிருந்த புளியந்தோப்பில் ஒரு கீற்றுக் கொட்டகை பிடித்துத் தங்கினாள்.

பெரிய ஆசை ஒன்றுமில்லை. வருஷம் முழுக்கப் பச்சைப்பிள்ளைகளின் அழுகைக்கு நடுவே கண்ணயர்கிறவள் அவள். நிழலில் பாய் விரித்து நிம்மதியாகத் தூங்க வேண்டும், மணியடித்தால் பூசைக்குப் போக வேண்டும், கடைசி நாள் சாயங்காலம் தேர் பார்க்க வேண்டும்.

மறுநாளே பக்கத்துக் கொட்டகைக்குக் கீரமங்கலத்திலிருந்து ஒரு கூண்டுவண்டி வந்து நின்றது. அருள்சாமி, அவன் பெண்சாதி அமலராணி, நாலு பிள்ளைகள், நேர்ந்துவிட்ட இரண்டு கிடாய்கள், ஒரு கூடைக் கோழி, வீரன் என்ற செவலை நாய். இறங்கின சூட்டிலேயே அருள்சாமி கிடாய்களை வியாகுலமேரியின் கொட்டகைக் காலில் கட்டினான். அவை நின்றவாக்கில் அவள் கூரைக் கீற்றைக் கடித்து இழுத்தன. கோழிகள் பாயில் எச்சமிட்டன. அவள் வாசலுக்குக் குறுக்கே கொடி கட்டி அமலராணி ஈரச்சேலைகளைப் போட்டாள். குனிந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது. பிள்ளைகள் அவள் பானைத் தண்ணீரை மொண்டு கால் கழுவின. பெரிய வெள்ளியன்று கவுச்சி விலக்கிச் சாப்பிடும் சுத்த போசனத்துக்கு வைத்திருந்த கஞ்சியை வீரன் நக்கிவிட்டுப் போனது. அன்று முழுக்க அவள் வெறும் தண்ணீர் குடித்தாள்.

ஆஸ்பத்திரியில் யார் அசிங்கம் பண்ணினாலும் முகம் சுளிக்காமல் துடைத்துப் பழகிய கை. இங்கேயும் துடைத்தாள், கூட்டினாள், மறுபடி தண்ணீர் எடுத்து வந்தாள். ஆனால் கிடாய் ஒன்று கட்டை அவிழ்த்துக்கொண்டு உள்ளே புகுந்து அவள் மாற்றுச்சேலையை மிதித்து நாசமாக்கிய அன்றைக்குப் பொறுக்க முடியவில்லை. சேலையைக் கையில் எடுத்துக்கொண்டே போனாள்.

"ஏம்மா, ஆட்டைக் கொஞ்சம் அங்கிட்டுக் கட்டக் கூடாதா?"

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அமலராணி நிமிர்ந்தாள். கோபமில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"எங்கக்கா கட்டுறது? நாங்க ஆறு பேரு நெருக்கியடிச்சுக் கெடக்கோம். நீங்க ஒத்த ஆளுதானே, ஒங்களுக்கு எதுக்கு இம்புட்டு எடம்?"

வியாகுலமேரி மிதிபட்ட சேலையைச் சுருட்டிக்கொண்டாள். திரும்பி வந்து தகரப்பெட்டியை மூலைக்குத் தள்ளினாள். பாயைப் பாதியாக மடித்துப் போட்டுக்கொண்டாள். மீதி இடத்தில் கிடாய்கள் படுத்தன.

தேர் நாள் வந்தது. சாயங்காலம் தோப்பே காலியானது. அருள்சாமி குடும்பம் நாயைக் கட்டிப்போட்டுவிட்டு முதல் ஆளாகப் போய்விட்டது. வியாகுலமேரி தலைவாரி, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை உடுத்தி வெளியே கால் வைத்த நேரம் முதல் வெடி போட்டார்கள். வீரன் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்து, அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நுழைந்தது. உடம்பெல்லாம் வெடவெடவென்று ஆடியது. கழுத்தில் கயிறு இறுகி, மூச்சு விசிலடித்தது.

"சீ, போ" என்றுதான் முதலில் சொன்னாள். பிறகு உட்கார்ந்து முடிச்சைத் தளர்த்தினாள். எழுந்திருக்கப் பார்த்தாள், நாய் முகத்தைக் கொண்டுவந்து அவள் மடியில் புதைத்தது. பிள்ளைத்தாச்சிகளின் முதுகைத் தடவுவதுபோல் தடவிக் கொடுத்தாள். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல." ஒவ்வொரு வெடிக்கும் அது அவளை இன்னும் ஒட்டிக்கொண்டது. தேர் தெருத் திரும்பும் கொட்டுச் சத்தம் கேட்டது. பாட்டு கிட்டே வந்து, விலகி, தேய்ந்து போனது. அவள் எழுந்திருக்கவே இல்லை. இப்படி ஒரு உயிர் அவள்மேல் சாய்ந்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்தாள்.

இருட்டுகிற நேரத்தில் அருள்சாமியின் கடைக்குட்டி, "வீரா!" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தான். நாய் அவள் மடியை உதறி எழுந்து பாய்ந்தோடியது. திரும்பிப் பார்க்கவில்லை.

"நல்லவேளை, இங்கனயே கெடந்துச்சா?" என்றாள் பின்னாலேயே வந்த அமலராணி. பிறகு வியாகுலமேரியின் சேலையெல்லாம் மண்ணும் நாய் மயிருமாக இருப்பதைப் பார்த்து, "நீங்க தேர் பாக்கலையாக்கா?" என்று கேட்டாள்.

"பாத்தேன்" என்றாள் வியாகுலமேரி.

விடிந்ததும் அவர்கள் வண்டி கட்டிப் போனார்கள். கொடியை அவிழ்த்தாயிற்று, தோப்பில் ஒரு சத்தமில்லை. ஆசைப்பட்ட நிம்மதி இப்போது தாராளமாகக் கிடைத்தது. பாயை முழுசாக விரித்துப் படுத்தாள். தூக்கம் வரவில்லை. ஒரு நாள் லீவு மிச்சமிருக்க, மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பினாள்.

அடுத்த வருஷம் பாஸ்குக்கு அவள் லீவு கேட்கவில்லை. "ஊருக்குப் போகலையாக்கா?" என்று கேட்டாள் கூட வேலை செய்யும் செவந்தி. "நீ போய்ப் பிள்ளைகளைப் பாத்துட்டு வா, ஒன் வேலையையும் நான் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டு, அழுகிற ஒரு குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வராந்தாவில் நடந்தாள்.