தொடைக்கறி என் பங்கில்

பக்ரீத் பெருநாள் தொழுகை முடிந்ததும், "கஞ்சத்தனம் வேண்டாம், நமக்குப் பிடித்ததையே பிறருக்குக் கொடுப்போம்" என்று ஸ்டேட்டஸ் வைத்தேன்.

பிறகு குர்பானி கொடுத்த ஆட்டின் கறியை வீட்டுக்கு, சொந்தபந்தம் அக்கம்பக்கத்துக்கு, ஏழைகளுக்கு என மூன்று பங்கு போட்டேன். தொடைக்கறி முழுக்க என் வீட்டுப் பங்கில். மற்ற இரண்டிலும் எலும்பும் கொழுப்பும்.

மதியம் பக்கத்து வீட்டு காதர் பாய் வந்தார். ஜெகதளாவில் தேயிலை ஃபேக்டரி வேலை. அவர் குர்பானி கொடுப்பது இந்த வருடம்தான் முதல்முறை.

"இந்தாங்க பாய், எல்லாம் தொடைக்கறிங்க. உங்க ஸ்டேட்டஸைப் பாத்துட்டுத்தானுங்க எடுத்து வெச்சேன்."

"நாங்க அனுப்புனது வந்துச்சுங்களா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"வந்துச்சுங்க. ஊட்ல சூப்பு வெச்சுட்டாங்க. இந்தக் குளிருக்கு நல்லாருக்குதுங்க."

நக்கல் இல்லை. மனதாரச் சொன்னார்.

ஸ்டேட்டஸை அழிக்கப் போனேன். நாற்பது பேர் பாராட்டி 'மாஷா அல்லாஹ்' போட்டிருந்தார்கள். அழிக்க மனம் வரவில்லை.

இந்தப் பதிவுக்காவது யாரும் அதைப் போட்டுவிடாதீர்கள்.