திண்டிவனம் பைபாஸில் இரண்டு மணி நேரம்

மாமனார் இறந்த செய்தி காலையில் வந்தது. தாம்பரத்திலிருந்து நானும் மனைவியும் கிளம்பும்போது ஒன்பது மணி. மின்சாரக் கார் வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. பாதி சார்ஜ்தான் இருந்தது. திண்டிவனத்தில் போட்டுக்கொண்டால் மாமனார் ஊரான திருவெண்ணெய்நல்லூர் வரை தாங்கும் என்று நினைத்தேன்.

பைபாஸில் ஓர் ஓட்டல் வாசலில் இரண்டு சார்ஜர்கள் இருந்தன. ஒன்றைச் சாக்கு போட்டு மூடியிருந்தார்கள். மற்றதில் செருகினேன். ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிட்டது. மறுபடி செருகினேன், மறுபடி நின்றது.

காவலாளி வந்து பார்த்தார். “வோல்டேஜ் இல்லீங்க. இதே லைன்லதான் பம்புசெட்டும் ஓடுது. தனியா டிரான்ஸ்பார்மர் கேட்டு ஓனரு எழுதிப் போட்டுக்கினேதான் இருக்காரு.”

“பக்கத்துல வேற எங்க இருக்கு?”

“விழுப்புரம்தாங்க.”

அவ்வளவு தூரம் வண்டி போகாது.

“நான் பஸ்ல போயிடறேன்,” என்றாள் மனைவி.

“பத்து நிமிஷம் இரு, ஏறிடும்.”

அதை எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. இந்தக் கார் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னவள் அவள். அதிலிருந்து இறங்கி அவள் பஸ் ஏறுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உண்மை அதுதான்.

மச்சினன் போன் செய்தான். “மாமா, எங்க வந்துக்கினு இருக்கீங்க? மூணு மணிக்குள்ள எடுத்துடணும்ன்றாங்க. அக்காவுக்காகத்தான் வெச்சிருக்கோம்.”

அவள் அதைக் கேட்டுவிட்டாள். இறங்கிப் போய்ச் சாலையோரம் நின்று கையை நீட்டினாள். பைபாஸில் எந்தப் பேருந்தும் நிற்கவில்லை. காரை அங்கேயே விட்டுவிட்டு ஓடிப்போய் ஓர் ஆட்டோவை நிறுத்தினேன். அப்போது மணி ஒன்று.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, விழுப்புரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். அங்கே பஸ் மாறி ஊர் சேர்ந்தபோது மூன்றரை. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆற்றுப் பக்கமாகப் பறைச் சத்தம் கேட்டது. அவள் அந்தத் திசையில் நடந்தாள். அவளுடைய சித்தி ஓடிவந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

“பொம்பளைங்க அங்க போவக்கூடாதும்மா.”

“விடு சித்தி, ஒரு தடவ முகத்தப் பாத்துட்டு வந்துடறேன்.”

விடவில்லை. நான் மட்டும் ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது தீ பிடித்து எரிந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்தேன். ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தாள். “நீங்களாவது பாத்தீங்களா?” என்று கேட்டாள்.

“இல்ல,” என்றேன்.